கேள்வி நேரம்: ஹாஸ்கெல் அரேயில் சி எழுதலாமா?

கேள்வி: ஹாஸ்கெல் நிரல்மொழியில் 10 லட்சம் டபுள் (8 பைட் தசம) எண்கள் வைத்திருக்கிறேன். சி-யில் எழுதிய ஒரு ஃபங்ஷன் அவற்றை மாற்றித் தர வேண்டும். லிஸ்டாக்கி, அதை சி-க்கான நினைவகத்தில் நகலெடுக்கும் 'வித்அரே' வழியாக அனுப்பி, அங்கிருந்து மறுபடி லிஸ்டாக நகலெடுக்கும் 'பீக்அரே' வழியாகத் திரும்ப வாங்குகிறேன். ரொம்ப மெதுவாக ஓடுகிறது. நகல் எடுக்காமல் முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். முதலில் அந்த லிஸ்டை விடுங்கள். 64 பிட் கணினியில் லிஸ்டின் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட், அது சுட்டுகிற டபுளுக்கு 16 பைட், ஆக மொத்தம் 40; சி-க்கு வேண்டியதோ வெறும் 8.

சரி, எண்களை நேரடியாக வரிசையாய் வைக்கும் அன்பாக்ஸ்டு அரேயின் முகவரியை எடுத்து நேரே சி-யிடம் கொடுத்தால் என்ன? ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியின் கார்பேஜ் கலெக்டர் (தேவையற்ற நினைவகத்தை மீட்கும் பகுதி) புழக்கத்தில் உள்ள தரவை இடம் மாற்றி வைக்கும், சி கையில் இருக்கும் பாயிண்டர், அதாவது முகவரி, பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இதில் மோசமான விஷயம், சுமார் 3 கேபிக்கு மேற்பட்ட அரேக்களை அது நகர்த்துவதில்லை. அதனால் உங்கள் 10 லட்சம் எண்களோடு சோதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும், அப்புறம் என்றைக்காவது 50 எண்கள் மட்டும் உள்ள அரே வரும்போது சி வேறு எதன்மீதோ எழுதிவிடும், பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

சி-யைப் போலவே எண்களை நினைவகத்தில் வைக்கும் ஸ்டோரபிள் வெக்டரின் மாற்றக்கூடிய வகைக்கு மாறுங்கள். அதன் நினைவகம் நகராது. 'அன்சேஃப்வித்' தருகிற பாயிண்டரை சி-யிடம் கொடுத்தால் அதே இடத்தில் எழுதும், ஹாஸ்கெல்லும் அங்கேயே படிக்கும். ஒரே நிபந்தனை, அந்த பாயிண்டரை 'அன்சேஃப்வித்'துக்குள் எழுதிய நிரல்பகுதிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: என் சி நூலகம் பாயிண்டரைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பிறகும் எழுதுகிறது. அப்போது?

பதில்: அப்படியானால் நினைவகத்தை ஹாஸ்கெல் ஒதுக்கவே வேண்டாம். சி-யின் நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷனான மாலாக் மூலம் வாங்கி, வெளி நினைவகத்தை ஹாஸ்கெல் கையாள உதவும் 'ஃபாரின்பாய்ண்டர்' ஆக்கி, அதன்மேல் வெக்டரை அமையுங்கள். ஆனால் விடுவிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். நூலகமே ஃப்ரீ செய்கிறதென்றால் (விடுவிக்கிறதென்றால்), தானாக விடுவிக்கும் ஃபைனலைசரை ஹாஸ்கெல் பக்கம் வைக்கவே கூடாது, இல்லாவிட்டால் இரண்டு முறை ஃப்ரீ ஆகிவிடும்.

கேள்வி: சி ஃபங்ஷனை ஹாஸ்கெல்லில் அறிவிக்கும் இம்போர்ட் வரியில் 'சேஃப்' என்று எழுதுவதா, 'அன்சேஃப்' என்றா?

பதில்: சட்டென முடியும், ஹாஸ்கெல்லைத் திரும்ப அழைக்காத ஃபங்ஷன் என்றால் அன்சேஃப். நீண்ட நேரம் ஓடுவது என்றால் கட்டாயம் சேஃப், ஏனென்றால் அன்சேஃப் அழைப்பு நடக்கும்போது வேறொரு த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் பணிக்கு) கார்பேஜ் கலெக்‌ஷன் தேவைப்பட்டால், அழைப்பு முடியும்வரை எல்லா ஹாஸ்கெல் த்ரெட்டுகளும் காத்துக் கிடக்கும்.

கேள்வி: கடைசியில், நகல் எடுக்காமல் மாறாத வெக்டராக்கும் 'அன்சேஃப்ஃப்ரீஸ்' போடலாமா?

பதில்: சி இனி அதைத் தொடாது என்பது உறுதியானால் போடுங்கள். சந்தேகம் இருந்தால் நகல் எடுக்கும் சாதாரண 'ஃப்ரீஸ்'. தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் ஹாஸ்கெல்லின் சோம்பல் மதிப்பீட்டில் ஒரு கணக்கு எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது, இடையில் சி எழுதினால் மாறாத வெக்டர் என்று நம்பிய ஒன்றிலிருந்து இரண்டு வேறு விடைகள் வரும். அந்த 8 எம்பி நகலுக்குத் தயங்காதீர்கள், லிஸ்டுக்குச் செலவழித்த நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.