கல்லூரிப் பசுமை மன்றங்கள் ஒன்றுசேர டிரஸ்ட் எதற்கு?

கேள்வி: பெருந்துறை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். எங்கள் வளாகத்தில் என்எஸ்எஸ், பசுமை மன்றம், ஒய்ஆர்சி, ரோட்டராக்ட், எனர்ஜி கிளப் என்று ஐந்து அமைப்புகள். ஐந்தும் தனித்தனியாக மரம் நடுகின்றன, பேரணி போகின்றன. இந்த வருடம் எல்லோரும் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ் கழிவுக்கு ஒரு வழி பண்ணலாம், பழைய எலெக்ட்ரானிக் சாமான்களையும் திரட்டலாம் என்று பேசியிருக்கிறோம். ஈரோட்டில் ஒரு ஏஜென்ட், "டிரஸ்ட்டா பதிவு பண்ணிப்போட்டா சிஎஸ்ஆர் பணம் தன்னால வருமுங்க, மொத்தம் முப்பதாயிரம் ஆகும்" என்கிறார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டோம். பதிவு செய்வது சரியா? யாரைத் தலைவராகப் போடுவது?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்.

பதில்: பாக்கி இருபத்தைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். பதிவும் வேண்டாம். ஒரே காம்பவுண்டுக்குள் ஒரே மெஸ்ஸில் வேலை செய்யப்போகும் ஐந்து அமைப்புகளுக்குத் தேவை, முதல்வர் கையெழுத்துப் போட்ட அரைப்பக்கச் சுற்றறிக்கை. அதற்கு ஆகும் செலவு ஒரு ஏ4 தாள்.

சிஎஸ்ஆர் கதையை முதலில் முடித்துவிடுவோம், உங்களை இழுத்தது அதுதானே. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதுதான் சிஎஸ்ஆர் பணம். அந்தப் பணத்தைத் தனியார் டிரஸ்ட்டோ சங்கமோ வாங்கிச் செலவு செய்ய வேண்டுமென்றால் அதற்கு வருமான வரித்துறையின் பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் கொடுத்து எண் வாங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அதே மாதிரி வேலையைக் குறைந்தது மூன்று வருடம் செய்துவந்த சான்று வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை உங்கள் ஏஜென்ட் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். இன்றைக்குப் பதிவு செய்தால் மூன்று வருடம் கழித்துத்தான் ஒரு கம்பெனியின் கதவைத் தட்டவே முடியும். நீங்கள் இப்போதே மூன்றாம் ஆண்டு.

இன்னொன்று. நம் பக்கம் சுற்றிலும் மில்லும் பனியன் கம்பெனியுமாக இருப்பதால் நிதிக்குப் பஞ்சமில்லை என்று நினைக்கத் தோன்றும். திருப்பூர் யூனிட்டுகள் பலவும் பங்குதாரர் நிறுவனங்கள், இல்லையென்றால் ஒரே முதலாளியுடையவை. அந்தச் சட்டம் அவற்றைத் தொடவே தொடாது. அதனால் அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்றில்லை. நேரில் போய், நாலு டிரம்மும் ஒரு தராசும் வேண்டும் என்று கேட்டால் வாங்கி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதற்கு டிரஸ்ட் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. பெரிய கம்பெனி ஒன்று உண்மையிலேயே முன்வந்தால், உங்கள் கல்லூரியை நடத்துவதும் ஒரு டிரஸ்ட்டாகத்தான் இருக்கும்; வருமான வரிப் பதிவும் சிஎஸ்ஆர் எண்ணும் அதற்கு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் பணம் அந்த வழியாக வரட்டும்.

இந்த ஏஜென்ட்டுகள் பத்திரத்தில் செய்யும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு டிரஸ்ட் எழுதும்போது, "உங்களுக்கு அலைச்சல் வேண்டாமுங்க, நான் பாத்துக்கறேன்" என்று நிர்வாக அறங்காவலராகத் தன் பெயரையோ மச்சினன் பெயரையோ ஆயுள் முழுக்க எழுதிக்கொள்வார்கள். மூன்று வருடம் உங்கள் போட்டோக்களும் வேலையும் அந்த டிரஸ்ட்டின் கணக்கில் ஏறும். அனுபவச் சான்று தயார். நீங்கள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போயிருப்பீர்கள். நிதி அப்போது வரும், அவருக்கு. ஒருவேளை அவர் நல்லவராகவே இருந்து உங்கள் பெயர்களையே எழுதினாலும், வருடா வருடம் வரவு செலவுக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் யார் பார்ப்பது? நோட்டீஸ் வந்தால் எந்த முகவரிக்கு வரும், ஹாஸ்டல் ரூம் நம்பருக்கா?

பதிவு செய்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் இதைக் காட்டித்தான் எல்லோரையும் பயமுறுத்துவார்கள். உங்கள் குழு காம்பவுண்டைத் தாண்டி ஊர்க் குளத்திலோ நொய்யல் கரையிலோ வருடக்கணக்கில் வேலை செய்யப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்தவர்களும் ஊர்க்காரர்களும் கூட இருக்கிறார்கள். நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தேவைப்பட்டால் கோர்ட்டுக்கும் போக வேண்டும். அப்போது பதிவு பெற்ற சங்கம் கை கொடுக்கும். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த விவகாரத்தில், அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாக நின்றுதான் வழக்கு நடத்தினார்கள். அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது 2011 ஜனவரியில். அத்தனை வருடம் ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஊரைவிட்டு நகராத ஆட்கள் வேண்டும். நான்கு வருடத்தில் கிளம்பிப்போகிற மாணவர்களால் அது ஆகாது. அப்படி ஒரு வேலைதான் உங்களுடையது என்றால், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அந்த ஏழில் மாணவர்கள் குறைவாகவும், அந்த ஊரிலேயே தோட்டம் துரவு உள்ளவர்கள் அதிகமாகவும் இருக்கட்டும். வருடாந்திரப் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகி மாறினால் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே விசாரித்துச் செய்யக்கூடியவை. மெஸ் கழிவுக்கு இதில் எதுவும் தேவையில்லை.

இனித் தலைவர் விஷயம். தலைவரே வேண்டாம் என்பேன். உங்கள் ஐந்து அமைப்புக்கும் ஆளுக்கொரு எஜமான் இருக்கிறார். என்எஸ்எஸ் திட்ட அலுவலர் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒய்ஆர்சி செஞ்சிலுவைச் சங்கத்தின் பிள்ளை, ரோட்டராக்ட் ரோட்டரியின் பிள்ளை. ஒன்றை இன்னொன்றுக்குக் கீழே போட்டால் மறுநாளே முறைப்பு ஆரம்பம். அமைப்புக்கு ஒரு மாணவர், ஒரு ஆசிரியர் என்று பெயர் குறித்து, ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு அமைப்பு கூட்டத்தைக் கூட்டும் என்று சுற்றறிக்கையில் போட்டுவிடச் சொல்லுங்கள். இறுதியாண்டுக்காரரை ஒருங்கிணைப்பாளராகப் போடாதீர்கள். பிளேஸ்மென்ட் வந்தால் ஆள் கண்ணில் தென்படமாட்டார். ஒவ்வொருவருக்கும் இரண்டாம் ஆண்டில் ஒரு துணை இருக்கட்டும். பணம் கையில் வாங்கவே வேண்டாம், பொருளாக வாங்குங்கள். பணமாகத்தான் வருகிறது என்றால் கல்லூரிக் கணக்குக்குப் போய் ரசீது வரட்டும். மாணவர் ஒருவரின் ஜிபே நம்பருக்கு வசூல் செய்த குழு எதுவும் சண்டையில்லாமல் முடிந்ததாக நான் பார்த்ததில்லை.

என்எஸ்எஸ் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும். அவர்கள் வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை காட்டினால்தான் சான்றிதழ். கூட்டு வேலையில் அவர்கள் நின்ற நேரம் அவர்களுடைய டைரியில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏறவில்லையென்றால் இரண்டாம் வாரமே கூட்டம் பாதியாகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போட்டோவும் எடுக்கத்தான் வேண்டும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் மதிப்பீட்டில் சுற்றுச்சூழலும் வருகிறது. அதற்கு இடம் தேதியோடு படம் கேட்பார்கள். இதனால்தான் ஒரே வேப்பங்கன்றைச் சுற்றி ஐந்து அமைப்பும் ஆளுக்கொரு ஃபிளெக்ஸ் பேனர் பிடித்து, ஐந்து அறிக்கையில் ஐந்து மரமாக அது வளர்கிறது. கன்றுக்கு சித்திரை மாதம் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. போகட்டும், அமைப்பு அமைப்பைத் திட்டிக்கொண்டிருந்தால் மெஸ் கழிவு குறையாது.

மெஸ்ஸுக்கு வருவோம். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எடை மட்டும் போடுங்கள். மூன்று டிரம். சமையல்கட்டில் வரும் காய்கறித் தோல், தண்டு ஒன்றில். சமைத்து மிஞ்சியது ஒன்றில். தட்டில் மிச்சம் வைத்தது ஒன்றில். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எடை எழுதுங்கள், அன்றைக்கு என்ன பதார்த்தம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உப்புமா போட்ட காலையும் அரிசிம்பருப்பு சாதம் போட்ட மதியமும் ஒரே எடை காட்டாது. தட்டு மிச்சம் அதிகம் என்றால் அது உரக்குழிக்கு வேலை இல்லை, மெனுவுக்கு வேலை. கரண்டி அளவைக் குறைத்து இரண்டாம் முறை போடச் சொன்னாலே மிச்சம் குறையும்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அந்த மிச்சம் ஏற்கெனவே யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். நம் பக்கத்து ஹாஸ்டல்களில் சாயங்காலம் ஒரு டெம்போ வந்து பன்றிப் பண்ணைக்கு டிரம் டிரம்மாக ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். காண்டிராக்டர் மெஸ் என்றால் அதில் அவருக்குக் காசு வரலாம். இது தெரியாமல் நல்ல எண்ணத்தில் போய் டிரம்மைத் தொட்டால் மறுநாள் மெஸ் மேனேஜர் உங்களை உள்ளேயே விடமாட்டார். வார்டன் மூலம் ஒப்பந்தத்தில் கழிவு யாருக்கு என்று கேளுங்கள். பண்ணைக்குப் போவது போகட்டும், காய்கறித் தோலும் இலைச்சருகும் எங்களுக்குக் கொடுங்கள் என்று ஆரம்பியுங்கள். நாற்றம் வராமல் இருக்க ஒரு வாளி ஈரக்கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை. வளாகத்தில் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்களே, அந்த இலைதான். தீ வைப்பதை நிறுத்தச் சொல்லவும் இது ஒரு காரணமாகும்.

நிர்வாகத்திடம் பேசும்போது உதவி கேட்கும் தோரணை வேண்டாம். நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு வரும் இடத்தை திடக்கழிவு மேலாண்மை விதிகளே மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்று தனி வகையில் வைத்து, கழிவைப் பிரிப்பதையும் மட்கும் கழிவை முடிந்தவரை தன் இடத்திலேயே கையாள்வதையும் அந்த நிறுவனத்தின் தலையில் போட்டுவிட்டன. உங்கள் ஒரு வார எடைக்கணக்கு 100-ஐத் தாண்டினால் அந்தத் தாளை முதல்வர் மேஜையில் வையுங்கள். கல்லூரி செய்ய வேண்டியதைத்தான் நீங்கள் செய்கிறீர்கள். அது அவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அந்தத் தாள் மேஜைக்குப் போன மறுவாரம், "24 மணி நேரத்தில் உரம்" என்று ஒரு மெஷின் விற்பனையாளர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார். அவர் பெட்டிக்குள் நடப்பது பெரும்பாலும் சூடாக்கிக் காயவைத்துப் பொடியாக்குவது. மக்குவதற்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும். மண்புழு விட்டாலும் ஒன்றரை மாதம் ஆகும். அந்தப் பொடியை ஈர மண்ணில் போட்டுப் பாருங்கள், சாம்பார் நாற்றம் திரும்ப வரும். கரன்ட் பில் தனி. டெமோவில் கொடுக்கும் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்து மூடி இரண்டு நாள் வைத்துவிட்டு முதல்வரையே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய எலெக்ட்ரானிக் சாமான் சேகரிப்புக்குச் சுருக்கமாக. லேபில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் கல்லூரியின் சொத்து. ஸ்டாக் ரிஜிஸ்டரில் கழிக்காமல் அதில் ஒரு மவுஸைக்கூட நீங்கள் வெளியே கொடுக்க முடியாது. உங்கள் வீட்டுப் பழைய போன், சார்ஜர் மட்டும் திரட்டுங்கள். இலவசமாக எடுத்துக்கொண்டு சான்றிதழும் தருகிறேன் என்று வரும் இரும்புக்கடைக்காரர் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் ஃபிரேம் போடத்தான் ஆகும்.

கொடுத்த ஐயாயிரத்தைப் பற்றி. ரசீது இல்லையென்றால் எப்படிக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. "கல்லூரி அனுமதி தரவில்லை, பதிவு வேண்டாம்" என்று வாட்ஸாப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால் பணத்தைவிட அதை முதலில் திரும்ப வாங்குங்கள். வரைவுப் பத்திரம், வெற்றுத்தாள் எதிலாவது யாராவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும். நேரில் போவதென்றால் தனியாகப் போகாமல் திட்ட அலுவலரை அழைத்துக்கொண்டு போங்கள். வாத்தியார் ஒருவர் பக்கத்தில் நின்றால் "பீஸ் போக மீதி" என்கிற பேச்சு கொஞ்சம் குறையும்.