சிலம்பக் கூடத்தின் இணையதளத்தில் பிள்ளைகளின் படங்களைப் போடலாமா?

"பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இனி என்ன தயக்கம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு ஆண்டுகளாக எங்கள் ஊர்ச் சிலம்பக் கூடத்தின் இணையதளத்தைக் கவனித்து வருகிறேன். தாராளமாகப் போடலாம். ஆனால் படத்தைவிட, அதன் கீழே எழுதும் இரண்டு வரிக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும்.

என் தவற்றையே சொல்கிறேன். மாவட்டப் போட்டியில் தங்கம் வாங்கிய ஒன்பது வயதுச் சிறுமியின் படத்தைப் பெருமையோடு போட்டேன். கழுத்தில் பதக்கம், கையில் சான்றிதழ். கீழே பெயர், பள்ளி, வகுப்பு. போதாததற்கு "மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறாதவர்" என்று ஒரு பாராட்டு. மூன்றாம் நாள் அவள் அம்மா கூடத்துக்கு வந்தார். கைப்பேசியை நீட்டி, "இதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள் அண்ணா" என்றார். விரலால் விரித்தேன். சான்றிதழில் அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. "இவள் எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்பாள் என்று ஊருக்கே சொல்லிவிட்டீர்களே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அனுமதிப் படிவத்தில் அவருடைய கையெழுத்து இருப்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு, சான்றிதழ் இல்லாத படம் பெற்றோருக்கே பிடிப்பதில்லை. அதனால் இப்போது படம் எடுக்கும்போதே, "தாளைத் திருப்பிப் பிடி" என்கிறேன். பிள்ளைகள் வெள்ளைத் தாளைக் காட்டிச் சிரித்தபடி நிற்பார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பள்ளிச் சீருடையும் வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் முத்திரையே பள்ளியின் பெயரைச் சொல்லிவிடும். கூடத்தின் பனியன் போதும்.

படம் இருந்தால் பெயர் வேண்டாம், பெயர் இருந்தால் படம் வேண்டாம் என்பது பிரிட்டனில் பல விளையாட்டு மன்றங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். வெற்றியாளர் பட்டியல் ஒரு பக்கம், பெயரில்லாத படங்கள் வேறொரு பக்கம். கோப்பின் பெயரையும் மறந்துவிடாதீர்கள். படத்தின் கீழே பெயரை நீக்கிவிட்டு, கோப்புக்குப் பிள்ளையின் பெயரையே வைத்திருந்தேன் நான்! இன்னொன்று: கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கினால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடுகிறது. ஆவணமாக அனுப்பினால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் வாங்கும் கையெழுத்தை நான் ஒப்புதலாகவே மதிப்பதில்லை. இணையதளம், முகநூல், ஃபிளெக்ஸ் பேனர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். எங்களிடம் ஓர் அம்மா மூன்றுக்கும் "வேண்டாம்" எழுதினார். கணவரைப் பிரிந்து வேறு ஊரிலிருந்து வந்து பிள்ளையோடு தங்கியிருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

போட்ட படத்தை நீக்கச் சொன்னால் அன்றே நீக்கிவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டோரின் படத்தைத் தேடல் முடிவிலிருந்து நீக்கும்படி கூகுளிடம் பெற்றோர் கேட்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. ஆனால் அது தேடலில் வராமல் செய்யுமே தவிர, தளத்தில் இருக்கும் படத்தை அழிக்காது. அதை அழிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தோற்றுப்போய் அழுதுகொண்டிருந்த பதினோரு வயதுப் பையன் ஒருவனின் படம் தளத்தில் இருந்தது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பிரியம். பையனோ கம்பைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, "அதை எடுத்துவிடுங்கள் மாஸ்டர்" என்று முணுமுணுத்தான். எடுத்துவிட்டேன். அப்பா இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அந்தப் படம் அவருடைய கடையில், கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதை அப்பாவும் மகனும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.