ரஷ்யக் குடும்பப் பெயர்கள்: ‘நீ யாருடைய பிள்ளை?’ (கேள்வி பதில்)

கேள்வி: ரஷ்யர்களின் பெயர்களில் பெரும்பாலானவை ‘ஓவ்’ என்றோ ‘இன்’ என்றோ முடிகின்றனவே, அந்த முடிவுகளுக்குத் தனிப் பொருள் உண்டா?

பதில்: உண்டு. ‘ஓவ்’, ‘எவ்’, ‘இன்’ ஆகிய மூன்றும் உடைமையைக் குறிக்கும் விகுதிகள். ‘நீ யாருடைய பிள்ளை?’ என்று கேட்டவருக்கு ‘இவானுடைய பிள்ளை’ என்று ஒரு சிறுவன் சொன்ன விடைதான் இவானோவ். மெய்யெழுத்தில் முடியும் பெயரோடு பெரும்பாலும் ‘ஓவ்’ அல்லது ‘எவ்’ சேரும். ‘ஆ’ ஒலியில் முடியும் பெயரோடு ‘இன்’ சேரும். ஆகவே நிகிதாவின் மகன் நிகிதின், இலியாவின் மகன் இலியின். (நம்முடைய ‘நிகிதாவின்’ என்பதில் உள்ள ‘இன்’னும் இதே வேலையைச் செய்வது தற்செயலே, அதைக் கொண்டு மொழி உறவு நிறுவப் புறப்பட வேண்டாம்.)

கேள்வி: குஸ்நெட்சோவ் என்றால் கொல்லன், போபோவ் என்றால் பாதிரியார் என்று படித்தேன். சரிதானா?

பதில்: பாதி சரி. குஸ்நெட்ஸ் என்பதுதான் கொல்லன். குஸ்நெட்சோவ் என்பது கொல்லனுடைய பிள்ளை. அவ்வாறே போபோவ் பாதிரியாரைச் சேர்ந்தவர், மெல்னிகோவ் மாவு ஆலைக்காரருடைய மகன், கொன்சரோவ் குயவருடைய மகன். வேர்ச்சொல்லின் பொருளை அப்பெயரைத் தாங்கியவர் மீதே ஏற்றிவிடுவதுதான் இத்துறையில் நான் அடிக்கடி காணும் பிழை. ‘ஸ்மிர்’ என்னும் வேர் அடக்கத்தைச் சுட்டுவதால் ஸ்மிர்னோவ்கள் அனைவரும் சாதுவானவர்கள் என்று ஆகிவிடாது. சாது என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு முன்னோர் இருந்தார் என்பதே அதன் பொருள். உடைமை விகுதி இல்லாத பெயர்களும் உண்டு. டால்ஸ்டாய் என்பது ‘பருத்தவர்’ என்னும் பட்டப்பெயர் அப்படியே நின்றுவிட்டது. கோகோல் என்பது ஒரு வாத்து இனத்தின் பெயர்.

கேள்வி: ஒரு குடும்பத்தின் பெயர் பல நூற்றாண்டுகள் மாறாமல் வந்திருக்குமா?

பதில்: அரச குடும்பத்துக்கே அப்படி வரவில்லை. ரொமானோவ் வம்சத்தின் முன்னோர் என அறியப்படுபவர் 1347ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில் வரும் ஆந்திரேய் கோபிலா என்பவர். கோபிலா என்றால் பெண் குதிரை. அவருடைய மகன் பியோதரின் பட்டப்பெயர் கோஷ்கா, அதாவது பூனை. எனவே அவர் வழியினர் கோஷ்கின், அதாவது ‘பூனை’யாருடைய பிள்ளைகள், ஆனார்கள். பின்னர் சக்காரி என்பவர் பெயரால் சக்காரின் என்றும், யூரி என்பவர் பெயரால் யூரியெவ் என்றும் மாறி, கடைசியில் ரோமன் என்பவரின் பெயரால் ரொமானோவ் என்று நிலைத்தார்கள். அந்த ரோமனின் மகள் அனஸ்தாசியாவைத்தான் இவான் பேரரசர் 1547இல் மணந்தார். ரோமனின் கொள்ளுப்பேரர் மிகயீல் 1613இல் அரியணை ஏறினார். ‘யாருடைய?’ என்னும் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் புது விடை சொல்லிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தலைமுறையில் அந்த விடை உறைந்து போனது. கொஞ்சம் முன்னதாக உறைந்திருந்தால் முந்நூறு ஆண்டுகள் ரஷ்யாவைப் பூனை வம்சம் ஆண்டதாக நாம் படித்திருப்போம்.

கேள்வி: அப்படியானால் ரஷ்யக் குடும்பப் பெயர் நம்முடைய இனிஷியலைப் போன்றதா?

பதில்: இல்லை. இனிஷியலுக்கு ஒப்பானது அவர்களுடைய நடுப்பெயர். யூரி அலெக்சேயெவிச் ககாரின் என்பதில் அலெக்சேயெவிச் என்பது தந்தை அலெக்சேயைக் காட்டுகிறது. ககாரின் என்பது குடும்பத்துக்குரியது. ககாரா என்னும் நீர்ப்பறவையின் பெயரிலிருந்து வந்தது.

கேள்வி: தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின் என்று பெயர் வைக்கிறோம். இவை குடும்பப் பெயர்கள்தாமே?

பதில்: இரண்டும் தலைமறைவு அரசியலில் சூட்டிக்கொண்ட புனைபெயர்கள். லெனினின் குடும்பப் பெயர் உலியானோவ், உலியான் என்பவருடைய வழியினர். ஸ்டாலினின் குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. அதில் வரும் ‘ஷ்விலி’ என்பது ஜார்ஜிய மொழியில் பிள்ளை. எஃகைக் குறிக்கும் ‘ஸ்தால்’ என்னும் சொல்லோடு அவர் ‘இன்’ சேர்த்துக்கொண்டதால் ஜார்ஜியர் ஒருவரின் பெயர் அசல் ரஷ்யப் பெயர்போல ஒலித்தது.

கேள்வி: நெக்ரசோவ் என்பதன் வேர் ‘அழகற்றவன்’ என்கிறார்கள். பெற்றோர் இப்படியும் பெயர் வைப்பார்களா?

பதில்: அன்புடன்தான் வைத்தார்கள். நெக்ராஸ் என்று அழைத்தால் தீய சக்திகளின் பார்வை குழந்தை மீது படாது என்பது பழைய நம்பிக்கை. குப்புசாமி, பிச்சை என்று பெயரிட்ட நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே தேவையிருக்காது.

கேள்வி: ‘ஸ்கி’ என்று முடிபவை போலந்துப் பெயர்கள்தாமா?

பதில்: எல்லாம் அல்ல. ஊர்ப்பெயரால் வருபவை பல. தஸ்தயேவ்ஸ்கியின் குடும்பப் பெயர் இன்றைய பெலாரஸில் உள்ள தஸ்தோயெவோ என்னும் கிராமத்தால் வந்தது. சமயக் கல்லூரிகளில் உருவாக்கப்பட்டவை மற்றொரு கூட்டம். ரோஷ்தெஸ்த்வென்ஸ்கி கிறிஸ்து பிறப்புத் திருநாளையும், திரோயித்ஸ்கி திரித்துவத்தையும் சுட்டுகின்றன. குடும்பப் பெயரே இல்லாத ஒரு கிராமப் பாதிரியாரின் மகனுக்கு, விளாதிமிர் நகரச் சமயக் கல்லூரியில், நம்பிக்கை வைத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஸ்பெரான்ஸ்கி என்று பெயரிட்டார்கள். பின்னாளில் பேரரசின் சட்டங்களைத் தொகுத்தவர் அவரே.

கேள்வி: டென்னிஸ் வீராங்கனை ஷரபோவாவின் தந்தை ஷரபோவ். எல்லாப் பெயர்களும் பெண்களுக்கு இப்படி மாறுமா?

பதில்: உடைமை விகுதி கொண்டவை மாறும், ‘ஸ்கி’ என்பது ‘ஸ்கயா’ ஆகும். ஷெவ்செங்கோ போன்ற உக்ரைனியப் பெயர்களும், ‘கருத்தவர்களுடைய’ என்று பொருள்படும் செர்னிக் போன்றவையும் இருபாலருக்கும் ஒன்றே.

கேள்வி: சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் எப்போது வந்தது?

பதில்: மிகத் தாமதமாக. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது விவசாயிகளில் பலருக்கு ஊரார் அழைக்கும் பெயரே இருந்தது. குடும்பப் பெயர் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று 1888இல் ஆணை வந்தது. சிலர் தந்தை பெயரையும், சிலர் பண்ணையார் பெயரையும் எழுதிக்கொண்டனர். பண்ணையாரின் பெயரை முழுதாகப் பெற முடியாத பிள்ளைகளும் இருந்தனர்: மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனுக்குத் திருபெத்ஸ்கோய் இளவரசர், தம் பெயரின் முதல் அசையை வெட்டிவிட்டுப் பெத்ஸ்கோய் என்று கொடுத்தார். ரெப்னின் இளவரசரின் மகனுக்குக் கிடைத்தது ப்னின்.