ஊட்டிக் குளிரில் மரமேறும் பாம்புக்கு வீடு: கேள்வி பதில்

கோத்தகிரியில் 11 வருடமாக ஒரு கார்ப்பெட் பைத்தான் வளர்க்கிறேன். தரையிலும் கிளையிலுமாக வாழும் இந்தப் பாம்பின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூ கினியாவும். மார்கழி நெருங்கினாலே மலையில் வளர்ப்பவர்களுக்குக் கவலை வந்துவிடுகிறது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அண்ணா, கோயம்புத்தூரில் இருந்தவரை என் கார்ப்பெட் பைத்தானுக்கு ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் போடும் மின்சூட்டு விரிப்பு) போதுமாக இருந்தது. ஊட்டிக்குக் குடிவந்த பிறகு கண்ணாடித் தொட்டி 20 டிகிரியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. பெரிய மேட் வாங்கவா?

வேண்டாம் தம்பி. கோயம்புத்தூரில் பாதி வேலையை உங்கள் அறையே செய்துகொண்டிருந்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தை மாதத்தில் பள்ளங்களில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஹீட் மேட் தன்னைத் தொடுவதைத்தான் சுட வைக்கும், காற்றைச் சூடாக்காது. உங்கள் பாம்போ ராத்திரி முழுக்கக் கிளையில் கிடக்கிறது. அடியில் எரியும் சூடு அதற்கு எதற்கு?

மலையில் சூட்டை உண்டாக்குவது எளிது, தங்க வைப்பதுதான் பாடு. கண்ணாடி நாலு பக்கமும் சூட்டை விட்டுவிடும். பிளைவுட் பெட்டிக்கு மாறுங்கள், முன்பக்கம் மட்டும் கண்ணாடி போதும். முதுகு, பக்கம், அடி எல்லாவற்றுக்கும் வெளியே தெர்மாகோல் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் பாம்பு பிய்த்துவிடும். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், வீட்டின் நடு அறையில் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள்.

அப்புறம் சூடு மேலிருந்து வரட்டும். ஒரு ஓரத்தில் செராமிக் ஹீட்டர், அதைச் சுற்றிக் கம்பி வலை. வலை இல்லாவிட்டால் பாம்பு ஹீட்டரையே சுற்றிக்கொள்ளும். அதன் கீழுள்ள மேல் கிளையில் 31, 32 டிகிரி, எதிர் மூலையில் 25. இரவில் 22, 23 வரை இறங்கினால் பயமில்லை.

இரவில் சிவப்பு பல்பு போடலாமா?

வேண்டாம். ராத்திரி இருட்டாகவே இருக்கட்டும். செராமிக்கில் வெளிச்சம் வராது, அதுவே போதும்.

சூட்டைப் பார்த்துத் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டுமா சார்? நான் கையால் தொட்டுப் பார்த்து அணைத்துவிடுகிறேன்.

கட்டாயம். முதல் குளிர்காலத்தில் நானும் தொட்டித் தரையில் மேட் போட்டிருந்தேன். தெர்மோஸ்டாட் இருந்தது, ஆனால் சூட்டை அளக்கும் அதன் உணர்கம்பியை (சென்சார்) ஒட்டாமல் விட்டிருந்தேன். ஒரு இரவு அது நழுவிக் குளிர்ந்த மூலையில் போய் விழுந்தது. "இன்னும் சூடாகவில்லை" என்று கருவி விடாமல் எரிய விட்டது. காலையில் பார்த்தால் வயிற்றுச் செதில்கள் வெந்திருந்தன. பாம்பு சுட்டவுடன் விலகிப் போய்விடும் என்று நம்பாதீர்கள், கிடந்த இடத்திலேயே வெந்துபோகும். காயம் ஆற நாலு தடவை சட்டை உரிக்க வேண்டியிருந்தது. இன்றும் அந்தத் தழும்பைப் பார்த்தால் மனசு கனக்கிறது. உணர்கம்பியை மேல் கிளையிலேயே, பாம்பு படுக்கும் மட்டத்தில், இறுகக் கட்டுங்கள்.

குன்னூரில் துணி மூன்று நாளானாலும் காயவில்லை. ஆனால் என் கார்ன் ஸ்னேக் சட்டையைத் துண்டுதுண்டாக உரிக்கிறது. இவ்வளவு ஈரத்தில் இது எப்படி அக்கா?

(அக்கா இல்லை, அண்ணன்தான் பேசுகிறேன்!) எனக்கும் இது புரிய இரண்டு வருடம் ஆனது. குளிர்ந்த காற்று கொஞ்சம் நீராவிதான் பிடிக்கும். வெளியே 10 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் போய் 28 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே மூடுபனி, உள்ளே பாலைவனம்! ஈரப்பதமானியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். நனைத்துப் பிழிந்த பாசி (மாஸ்) போட்ட ஒரு மூடிய டப்பாவை, ஒரு வாசல் வெட்டி, கிளை மட்டத்தில் பொருத்துங்கள். சட்டை உரிக்கும் முன் கண் வெளுத்ததும் பாம்பு தானே அதற்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிக்காதீர்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நெஞ்சுச் சளிதான். மூச்சில் சத்தம், வாயோரம் நுரை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தாண்டிக்குடியில் எங்களுக்குக் காபித் தோட்டம் இருக்கிறது. எந்தக் கிளை வைக்கலாம்?

கையில் வெண்ணெய் இருக்கிறதே! கவாத்தில் வெட்டிய காபிக் கொம்பைப் போல் நல்லது கிடைக்காது. கொய்யாவும் நல்லது. நீலகிரியில் நாங்கள் பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைக் கட்டையைப் பயன்படுத்துகிறோம். மருந்து அடித்த தோட்டமாக இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பல நாள் வெயிலில் காய வையுங்கள். பைன், சைப்ரஸ், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வேண்டாம். பாம்பின் உடல் பருமனுக்குக் கிளை இருக்கட்டும். இரண்டு முனையையும் திருகாணியால் முடுக்குங்கள். ஆடும் கிளையில் அது நிம்மதியாகப் படுக்காது.

கூடலூரில் வீட்டு வேலியில் ஒரு கொம்பேறி மூக்கனைப் பிடித்தோம். எவ்வளவு அழகு! வளர்க்கலாமா?

அழகுதான், விஷமும் இல்லை. தன்னிடம் கடிபட்டவரின் சிதைப் புகையைப் பார்க்க மரமேறும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் நம் காட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இன்றைக்கே அதே வேலியில் விட்டுவிடுங்கள். கார்ப்பெட் பைத்தான், பால் (ball) பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

ஆடியில் மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் வராது. கரி அடுப்பு மூட்டலாமா?

மூடிய அறையில் கரி கூடவே கூடாது. அந்தப் புகை பாம்போடு உங்களையும் கொன்றுவிடும். 12 வோல்ட், 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதிச் சக்தியை நம்பினாலும் 80 வாட் செராமிக் சுமார் 10 மணி நேரம் ஓடும். அதுவும் தீர்ந்தால் பாம்பைத் துணிப்பையில் கட்டி, காற்றுத்துளை போட்ட தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்து, ஆற ஆற மாற்றுங்கள். அந்த நாட்களில் இரை மட்டும் கொடுக்காதீர்கள். சூடு இல்லாமல் செரிக்காது, கக்கிவிடும். கரண்ட் வந்து பெட்டி இரண்டு நாள் ஒரே சூட்டில் நின்ற பிறகு, வழக்கத்தைவிடச் சின்ன எலியாகக் கொடுங்கள்.