கெட்ட செய்தி உங்களிடம் ஏன் கடைசியில் வருகிறது?

கேள்வி: ஏழு வருடம் டெவலப்பராகவும் டெக் லீடாகவும் இருந்தேன். எட்டு மாதங்களுக்கு முன் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆனேன். என்னையும் சேர்த்து டீமில் 11 பேர். தினமும் மீட்டிங், வாரந்தோறும் விரிவான ஸ்டேட்டஸ் மெயில் என்று எதையும் விடுவதில்லை. ஆனாலும் பிரச்சினைகள் எனக்குத்தான் கடைசியில் தெரியவருகின்றன. போன மாதம் டேட்டா மைக்ரேஷன் (பழைய தகவல்களைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை) மூன்று வாரம் தள்ளிப்போகும் என்பது கெடுவுக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. டெஸ்டருக்கோ இரண்டு வாரம் முன்பே தெரியும். அதே மாதம் கிளையண்ட் புதிதாக ஒரு ரிப்போர்ட் கேட்டபோது, 'ஒப்புக்கொண்டதில் இது இல்லை' என்று உறுதியாக நின்றேன். அவர்கள் மனம் வருந்தினார்கள். மதிப்பீட்டில் என் மேலதிகாரி 'தகவல் தொடர்பும் மன நெகிழ்வும் போதாது' என்று எழுதிவிட்டார். தகவல் தொடர்புக்கு வகுப்பு இருக்கிறது. மன நெகிழ்வை எங்கே போய்க் கற்பது? சுபாவத்தை மாற்ற முடியுமா?

பதில்: உங்கள் மேலதிகாரி இரண்டு குறைகளை எழுதியிருக்கிறார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகும் எனக்கு ஒரு குறைதான் தெரிகிறது. செய்தி தாமதமாக வருவதும், மாற்றம் வரும்போது மனம் இறுகுவதும் உங்கள் விஷயத்தில் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள். தகவல் தொடர்பு வகுப்புக்கு மட்டும் போய்வந்தால் உங்கள் மெயில்கள் அழகாகும். செய்தி அப்போதும் கடைசியில்தான் வரும்.

அந்த டெஸ்டரிடமிருந்து தொடங்குவோம். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டால், "கன்ஃபார்மா தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன் சார்" என்பார். அது சாக்கு அல்ல, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். ஏனென்றால் இதற்கு முன் எப்போதோ ஒருமுறை பாதி உறுதியோடு உங்களிடம் வந்திருப்பார். "சார், வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு கொஞ்சம் டவுட்டா இருக்கு." நீங்கள் குரலை உயர்த்தியிருக்க மாட்டீர்கள். "போன வாரம் முடியும்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று அவர் கற்றுக்கொண்டது ஒன்று: சந்தேகத்தோடு இவரிடம் வரக்கூடாது, உறுதியானால்தான் வரவேண்டும். ஒரு வேலை முடியாது என்பது உறுதியாகத் தெரியும் நாள் எது? கெடுவுக்கு முந்தின நாள்.

கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் இயல்பாகவே தயங்குவார்கள். சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற இரு உளவியலாளர்கள் 1970இலேயே இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொல்பவர்கள், கெட்ட செய்தி என்றால் விழுங்கிவிடுகிறார்கள், அந்தச் செய்திக்குத் தாங்கள் காரணமில்லை என்றபோதும். இந்தத் தயக்கம் உங்கள் டீமில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் உங்கள் முகத்தில் ஒரு சுளிப்பு வந்தாலும் போதும், கதவு அடைபட்டுவிடும். நம் தொழிலில் இதன் விளைவுக்கு ஒரு பெயரே உண்டு: தர்பூசணி ஸ்டேட்டஸ். வாரா வாரம் ரிப்போர்ட்டில் பச்சை, வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு.

எனவே நீங்கள் முதலில் மாற்றவேண்டியது, மோசமான தகவல் வந்த பிறகான முதல் பத்து வினாடி. நெகிழ்வு என்ற பெரிய சொல் நடைமுறையில் அந்தப் பத்து வினாடிக்குள் அடங்கிவிடுகிறது. அப்போது வாயில் வருகிற முதல் வாக்கியம் நேற்றைப் பற்றியதாக இருந்தால் ('அன்று அப்படிச் சொன்னீர்களே') எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குகிறார். நாளையைப் பற்றியதாக இருந்தால் யோசிக்கத் தொடங்குகிறார். "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு. இதனால வேற எதெல்லாம் தள்ளிப்போகும்?" இந்த இரண்டு வாக்கியங்களை எழுதி மேசையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மனப்பாடம் செய்த வாக்கியம் செயற்கையாக இருக்குமே என்று தோன்றலாம். முதல் மாதம் இருக்கும். ஆனாலும் டீம் கவனிப்பது அது செயற்கையா என்பதை அல்ல, அதற்குப் பிறகு தங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை. காரணத்தை ஆராயவேண்டும்தான், அதை மறுநாள் செய்யுங்கள்.

"முடியுமா?" என்று கேட்பதையும் நிறுத்திவிடுங்கள். அதற்கு நம் ஊழியர்களின் ஒரே பதில் "முடிஞ்சிடும் சார்". பதிலாக, "வெள்ளிக்கிழமைக்கு முடியும்ங்கறதுல பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?" என்று கேளுங்கள். ஆறு என்பார். "சரி, குறையற அந்த நாலு என்ன?" என்று கேட்டால் உண்மையான ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அந்த நாலுக்குள்ளிருந்து வரும். சந்தேகத்தைச் சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாக இல்லாமல், கேட்ட கேள்விக்கான பதிலாகிவிடுகிறது. நான் பார்த்தவரையில் இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பலன் தருவது வேறு இல்லை.

இனி உங்கள் கடினமான கேள்வி: மனம் ஏன் இறுகுகிறது?

நீங்கள் ஏழு வருடம் டெவலப்பராக இருந்தவர் என்பதில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று ஜாடிகள், அவற்றின் கொள்ளளவு 21, 127, 3. இவற்றைக் கொண்டு 100 அளவு தண்ணீரைப் பிரிக்கவேண்டும். பெரிய ஜாடியை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் ஊற்றி எடுத்தால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, பிறகு இன்னொன்று கொடுத்தார்: ஜாடிகள் 23, 49, 3. தேவை 20. பழகியவர்கள் பெரும்பாலும் 49இல் தொடங்கி அதே நீண்ட வழியில் போனார்கள். அதுவும் சரியான விடைதான் தரும். ஆனால் 23இலிருந்து 3ஐ எடுத்தால் முடிந்தது. முன்பயிற்சி இல்லாமல் இந்தக் கணக்கை முதன்முதலாகப் பார்த்தவர்கள் சுலபமாக அந்தக் குறுக்கு வழியைக் கண்டார்கள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது, பழகியவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்ல என்பது. அவர்கள் வழி இதுவரை வேலை செய்தது, அவ்வளவுதான். மாறாத தேவையை வாங்கிக்கொண்டு துல்லியமாகச் செய்து முடிப்பதுதான் ஏழு வருடமாக உங்களுக்குப் பலன் தந்த வழி. அந்த வேலையில் அது சிறந்த வழி. ஆகவே உங்கள் சுபாவத்தில் கோளாறு இருப்பதாக எண்ணி வருந்தாதீர்கள். உங்கள் கையில் இருப்பது நன்றாகத் தேய்ந்து பழகிய ஒரு கருவி. வேலை மாறிவிட்டதை அது கவனிக்கவில்லை.

கிளையண்ட் கேட்ட ரிப்போர்ட்டை இந்தக் கண்ணோடு பார்ப்போம். 'ஒப்புக்கொண்டதில் இது இல்லை' என்பது ஒப்பந்தப்படி சரி. ஆனால் அந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. அந்த ரிப்போர்ட் எதற்கு என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. ஒருவேளை மாதக் கடைசியில் தணிக்கையாளருக்கு ஒரே ஒரு தொகையைக் கொடுக்கவேண்டியிருந்திருக்கலாம். அதற்கு முழுப் பக்க ரிப்போர்ட் வேண்டாம், ஒரு எக்ஸ்செல் கோப்பு போதும், அரை நாள் வேலை. இல்லை, அவர்கள் தொழிலே மாறியிருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வேறு மூன்று திரைகள் யாருக்கும் தேவைப்படாமல் போயிருக்கும். அதை இப்போதே அறிவது உங்களுக்கு லாபம். கோரிக்கை வந்ததும் ஆம், இல்லை இரண்டையும் தள்ளி வையுங்கள். "இது கிடைத்தால் உங்களால் என்ன செய்ய முடியும்? கிடைக்காவிட்டால் என்ன நிற்கும்?" என்று கேளுங்கள். பிறகு ஒருநாள் அவகாசம் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வழிகளோடு திரும்பிப் போங்கள்: இதைச் சேர்த்தால் தேதி இரண்டு வாரம் தள்ளும், தேதி முக்கியம் என்றால் இன்ன பகுதியை அடுத்த கட்டத்துக்கு எடுத்துவைக்கலாம், இரண்டும் முடியாது என்றால் செலவு இவ்வளவு கூடும். எது முடிவானாலும் முறையான சேஞ்ச் ரெக்வெஸ்டாக, அதாவது ஒப்புக்கொண்டதில் செய்யும் மாற்றத்துக்கான கோரிக்கையாக, எழுத்தில் போடுங்கள்.

நெகிழ்வு என்பதைக் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆட்டிய தலைகளின் கீழே டீம் ராத்திரி பகலாக உழைத்துச் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது நெகிழ்வு அல்ல, பயம். பாதுகாப்பு, சட்டம், வாடிக்கையாளர் தகவலின் ரகசியம், ஆட்களின் ஓய்வு ஆகியவற்றில் நீங்கள் இறுகியே இருங்கள்.

உங்கள் விஷயத்தில் சுபாவத்தை மாற்றுவதைவிட, நெகிழ்வைத் தாளில் எழுதிவைப்பது சுலபம். பிளானில் ஒவ்வொரு முக்கியத் தேதிக்கும் கீழே ஒரு வரி சேருங்கள்: இந்தத் தேதி எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது? 'பழைய டேட்டாவில் இரட்டைப் பதிவுகள் அதிகம் இல்லை என்று நம்புகிறோம்.' பக்கத்தில், அந்த நம்பிக்கை பொய்த்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று ஒரு பெயர். அந்த டெஸ்டரின் பெயர் அங்கே முன்பே இருந்திருந்தால், இரட்டைப் பதிவுகளைக் கண்ட அன்றே உங்களிடம் வருவது அவருடைய வேலையாகியிருக்கும். புகார் சொல்வதாக அவருக்குத் தோன்றியிருக்காது. தேதியை மாற்றுவதும் உங்களுக்குத் தோல்வியாகத் தோன்றியிருக்காது. நீங்களே எழுதிய நிபந்தனை நிறைவேறாததால் தேதி மாறுகிறது, அவ்வளவுதான். மனம் அமைதியாக இருக்கும்போது எழுதிய வரி, மனம் இறுகும்போது உங்களுக்குப் பதிலாக யோசிக்கும்.

இந்த நம்பிக்கைகளைத் தோண்டி எடுக்க கேரி க்ளைன் 2007இல் எழுதிய ப்ரீமார்ட்டம் என்ற முறை நல்லது. திட்டத்தின் தொடக்கத்திலேயே, 'திட்டம் முற்றிலும் தோற்றுவிட்டது, ஏன்?' என்று வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காரணங்களை எழுதவேண்டும், பிறகு சுற்றாக வாசிக்கவேண்டும். முதல் காரணத்தை நீங்கள் வாசியுங்கள், அது உங்களைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஸ்டேட்டஸ் மெயில் பற்றி. 11 பேர் என்றால் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 55. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் 78. தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975இல் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனை வழிகளில் ஒன்றுதான் உங்கள் வாராந்தர மெயில், அதுவும் ஒருவழிப் பாதை. அனுப்பியதும் தெரிவித்தாயிற்று என்று உங்களுக்குத் தோன்றுகிறது, அங்கேயோ அது கிணற்றில் போட்ட கல்.

செய்தி போய்ச் சேர்வது வேறு, பிடிபடுவது வேறு என்பதற்கு நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 1998 டிசம்பரில் ஏவப்பட்ட அந்த விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒப்பந்த நிறுவனத்தின் மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்தது, வழிநடத்தும் குழு அதை நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான். அதிகம் பேசப்படாத பகுதிதான் நமக்கு வேண்டியது: பயணத்தின்போதே கணக்கு ஒத்துப்போகவில்லை என்று வழிநடத்தும் குழுவில் சிலர் கவனித்திருந்தார்கள். கவலையைத் தெரிவித்தும் இருந்தார்கள், ஆனால் முறைப்படி அல்ல, பேச்சுவாக்கில். அதை யாரும் கையிலெடுத்து முடிவுவரை கொண்டுபோகவில்லை என்று விசாரணைக் குழு பின்னால் பதிவுசெய்தது. எண்களும் போய்ச் சேர்ந்தன, சந்தேகமும் போய்ச் சேர்ந்தது. அதை வாங்கிக்கொள்ளும் இடம்தான் இல்லை.

உங்கள் மீட்டிங்கில் அந்த இடத்தை உண்டாக்குங்கள். கடைசி ஐந்து நிமிடம் 'இன்னும் நிரூபிக்க முடியாத சந்தேகங்கள்' என்று ஒதுக்கி, சொன்னதை ஒரு பட்டியலில் ஏற்றி, அதைத் தொடர்ந்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். முக்கியமான முடிவு என்றால், விமானி கட்டுப்பாட்டு அறையின் உத்தரவைத் திருப்பிச் சொல்வதுபோல, கேட்டவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலைதான் ஆடும். மெயிலைச் சுருக்குங்கள்: போன வாரத்திலிருந்து என்ன மாறியது, ஏன் மாறியது, யார் எதை எப்போதுக்குள் செய்யவேண்டும். மாறாதது எது என்றும் ஒரு வரி எழுதுங்கள். மாற்றம் வரும்போது டீம் எல்லாமே ஆடுவதாக நினைத்துக் கலங்குவது அந்த வரி இல்லாததால்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், உங்கள் மேலதிகாரியிடமிருந்து தொடங்கச் சொல்வேன். நேரம் கேட்டு உட்கார்ந்து, "எந்தச் சம்பவத்தைப் பார்த்து இப்படி எழுதினீர்கள் சார்?" என்று கேளுங்கள். அவர் ஏதாவது ஒன்றைச் சொல்வார். அது அப்படி நடக்கவில்லை என்று விளக்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கும். அன்று அதைச் சொல்லாதீர்கள். குறித்துக்கொண்டு, "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று இன்னொரு முறை கேளுங்கள்.