சூடே வேண்டாம் என்கிறார்கள், படிகம் எங்கிருந்து வரும்?

கேள்வி: ஜன்னல் கண்ணாடிக்கும் பின்பக்கத்து பாலிகார்பனேட் கூரைக்கும் ‘நானோ டைட்டானியம் கோட்டிங்’ அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வெயில் பட்டால் அழுக்கைத் தானே அழித்துவிடுமாம். சூடாக்க வேண்டாம், தெளித்துக் காயவிட்டால் போதும் என்கிறார். வேதியியல் படிக்கும் என் மகளோ, ‘டைட்டானியம் டை ஆக்சைடு படிகமாக 400 டிகிரியாவது சுட வேண்டுமே’ என்கிறாள். யாரை நம்புவது?

பதில்: மகள் படித்தது சரிதான். அதற்காக விற்பவர் பொய் சொல்கிறார் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

டைட்டானியம் சேர்மக் கரைசலைப் பூசி சாதாரண வெப்பத்தில் காயவிட்டால் கிடைப்பது ஒழுங்கற்ற அணுக்கட்டு கொண்ட படலம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், வேலை செய்யாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் அழுக்கைச் சிதைக்கும் குணம் படிகத்துக்குத்தான் நன்றாக உண்டு, அதிலும் அனடேஸ் என்ற வடிவத்துக்கு. அந்தப் படலத்தை அனடேஸாக்க வழக்கமாக 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சுடுவார்கள். பாலிகார்பனேட்டோ 150 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும்.

சுடாமல் செய்யவும் வழி உண்டு. பச்சைக் களிமண்ணைப் பூசிவிட்டுச் சுடுவது ஒன்று, சுட்ட செங்கல்லைக் கொண்டுவந்து அடுக்குவது இன்னொன்று. இரண்டாவதைப் போல, சில நானோமீட்டர் அளவுள்ள அனடேஸ் துகள்களைத் தொழிற்சாலையிலேயே நீரில் வளர்த்து, குழம்பாகப் புட்டியில் அடைத்துவிடலாம். தெளித்ததும் நீர் ஆவியாகும், படிகம் தங்கும். சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) கலந்த படலத்தை 100 டிகிரிக்குக் கீழ் வெந்நீரில் வைத்தே அனடேஸ் வளர்க்கும் முறையும் உண்டு. ஆனால் அது உங்கள் கூரையில் நடக்கிற காரியமில்லை.

ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘படிகம் புட்டிக்குள்ளேயே இருக்கிறதா?’ இருந்தால் தயாரிப்பாளரின் விவரத்தாளில் ‘அனடேஸ்’ என்ற பெயர் இருக்க வேண்டும். ‘டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளது’ என்பது மட்டும் போதாது. வெள்ளை பெயின்ட்டிலும் அதுதான் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ரூட்டைல் வடிவத்தில், வினை புரியாதபடி மேலே உறை போட்டு வைத்திருப்பார்கள். தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று விற்றால் ஐஎஸ்ஓ 27448 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்த சோதனை அறிக்கை கேளுங்கள். புற ஊதாக் கதிர் பட்டபின் நீர்த்துளி எவ்வளவு பரவுகிறது என்று அளக்கும் சோதனை அது.

கூரை விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். அழுக்கைச் சிதைக்கும் படலம் தனக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் விட்டுவைக்காது. நடுவே சிலிக்கா போன்ற தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் நாளடைவில் தகடு மங்கும், படலம் உரியும். தடுப்புப் பூச்சு பற்றி அவருக்கே தெரியவில்லை என்றால் கூரையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு முதலில் ஒரு சின்னத் துண்டில் அடித்துப் பாருங்கள். பூசிய துண்டு, பூசாத துண்டு இரண்டிலும் மீன்தொட்டிக்கு விற்கும் மெத்திலீன் நீலத்தை நீர்க்கக் கலந்து ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் வெயிலில் வையுங்கள். சாயம் வெயிலில் தானாகவும் வெளுக்கும், அதனால்தான் இரண்டு துண்டு. பூசியது தெளிவாக முந்த வேண்டும். தண்ணீர் ஊற்றி ‘பாருங்கள், எப்படிப் பரவுகிறது’ என்று காட்டினால் மயங்காதீர்கள். வெறும் சிலிக்கா பூச்சிலும் தண்ணீர் அப்படித்தான் பரவும்.

கேள்வி: தானே சுத்தமாகும் கண்ணாடி என்று வாங்கிப் பொருத்தினேன். உப்புத் தண்ணீர் தெறித்த வெள்ளைக் கறை போகவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. படலம் சிதைப்பது எண்ணெய்ப் பிசுக்கு, புகை, பறவை எச்சத்தின் ஒரு பகுதி போன்ற கரிமப் பொருள்களை. உப்பும் சிமென்ட்டும் அதில் சேராது. 2001இல் பில்கிங்டன் என்ற கண்ணாடி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த கண்ணாடியைப் போல, தொழிற்சாலையில் கண்ணாடி சூடாக இருக்கும்போதே படிய வைக்கும் இந்தப் படலம் சில பத்து நானோமீட்டர்கூட இருக்காது. பிளேடால் சுரண்டினால் கறையோடு அதுவும் போய்விடும். லேசான வினிகர் கரைசலில் மென்மையான துணியை நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஜன்னல் விளிம்பில் சிலிகான் பசை வைக்கும்போது மேலே இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட இடத்தில் தண்ணீர் துளித்துளியாகவே நிற்கும்.

கேள்வி: அதே பூச்சை படுக்கையறைச் சுவரில் அடித்தால் கிருமி ஒழியுமா?

பதில்: அனடேஸ் வேலை செய்ய சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அறையில் எரியும் எல்ஈடி விளக்கில் அது அநேகமாக இல்லை. இன்னொன்று, டைட்டானியம் டை ஆக்சைடு தூளை மூச்சில் இழுப்பதை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ பட்டியலில் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மூடிய அறைக்குள் பனிமூட்டம் போல இதைத் தெளிக்க விடாதீர்கள்.