கல்லைக் கொட்டினால் கரை நிற்குமா? கடலரிப்பு பற்றி நீங்கள் கேட்டவை

கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கினால் போதும், இராமநாதபுரம் மாவட்டத்தில் மூக்கையூரிலிருந்து தொண்டி வரை எல்லாப் பக்கமிருந்தும் கடலரிப்பு பற்றிய கேள்விகள் வந்துவிடும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு மனு கொடுத்தோம். பக்கத்து ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று தடுக்கிறார்கள். இது பொறாமைதானே?

இல்லை, அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கரை மணல் ஓரிடத்தில் கிடப்பது இல்லை, அலை சாய்வாக வந்து அடிக்கிற ஒவ்வொரு முறையும் கரையோரமாகவே நகர்ந்துகொண்டு இருக்கும். நம் மன்னார் வளைகுடா பக்கம் கச்சான் காலத்தில் தெற்கேயிருந்து வரும் அலை அதைப் பெரும்பாலும் இராமேசுவரம் திசையில் தள்ளும், வாடையில் (வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில்) கொஞ்சம் திரும்பி வரும். தூண்டில் வளைவு புதிதாக ஒரு பிடி மணலைக்கூட உண்டாக்காது. போகிற மணலை வழிமறித்து உங்கள் ஊரில் நிறுத்தும், அவ்வளவுதான். அப்போது அடுத்த ஊருக்குப் போக வேண்டியது போகாது, ஆனால் அங்கே இருப்பதை அலை எடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டினார்கள், நகரத்துக் கடற்கரை மணலே போய்விட்டது. அதைக் காக்கக் கல் சுவர் போட, அரிப்பு இன்னும் வடக்கே மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. ஆகவே ஒரு ஊருக்கு என்று தனியாகக் கேட்காதீர்கள். மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்து, இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்து ஒரே திட்டமாகக் கேளுங்கள். வளைவுகளுக்கு இடையே ஒரு வளைவின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இடைவெளி விட்டு, நடுவில் வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்பிவிட்டால் அடுத்த ஊருக்குப் போகும் மணல் அதிகம் குறையாது. அந்த நிரப்புகிற செலவைத்தான் எல்லாத் திட்டத்திலும் முதலில் வெட்டுகிறார்கள், எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

கருங்கல் தடுப்புச் சுவர் போட்டு இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது, அதற்குள் கல்லெல்லாம் சரிந்துவிட்டது. கல் தரம் சரியில்லையா?

கல் தரமாக இருந்தும் சுவர் சரியும். நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்.

முதலாவது அடிப்பகுதி. சுவரில் மோதித் திரும்பும் அலை சுவர்க்காலிலேயே மணலைத் தோண்டும், அந்தப் பள்ளத்துக்குள் கீழ்க்கல் இறங்கும், மேலே உள்ளது தானாகச் சரியும். அதனால் அடிக்கல் வரிசையை இன்றைய மணல் மட்டத்துக்கு நன்றாகக் கீழே புதைத்து, முன்னால் ஒரு கல் மேடையும் விட வேண்டும். செங்குத்துச் சுவர் என்றால் தோண்டல் இன்னும் மோசம், சாய்வாக இடைவெளியோடு அடுக்கிய கல் அலையின் வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது வடிகட்டி. பெரிய கல்லை நேராக மணல்மேல் வைத்தால், இடுக்கு வழியாக மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போய்விடும், சுவர் உள்ளே உட்கார்ந்துவிடும். கீழே வடிகட்டித் துணி, அதன்மேல் சின்னக் கல், அப்புறம்தான் பெரிய கல். வேலை நடக்கும்போது ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டியது இதைத்தான், மூடிய பிறகு தெரியாது.

மூன்றாவது எடை. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதைத் தாங்கும் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். 1 மீட்டர் அலைக்கு 200 கிலோ கல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 2 மீட்டர் அலைக்கு 1,600 கிலோ. சாதாரண நாள் அலையை வைத்துக் கல் போட்டால் ஒரு புயல் போதும், கள்ளக்கடல் (தொலைவுக் கடலிலிருந்து திடீரென வரும் பெரிய அலை) வந்தாலும் போதும்.

டெட்ராபாட் (நான்கு கால் கான்கிரீட் கட்டை) போட்டால் தீருமா?

பெரிய அலை நேராக மோதும் துறைமுக அலைத்தடுப்புக்கு அது அருமையான பொருள். நான்கு கால்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் குறைந்த எடையிலேயே நிற்கும். ஆனால் அடியில் வடிகட்டி இல்லாவிட்டால் அதுவும் மணலில் புதையும். வத்தை, வள்ளம் இழுத்து ஏற்றுகிற கரையில் போடவே வேண்டாம்.

தொண்டிப் பக்கம் அலையே பெரிதாக இல்லை, ஆனாலும் கரை குறைகிறதே?

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், கச்சானில் குளம் மாதிரி கிடக்கும். வாடையில் மட்டும் குட்டையான, அடுத்தடுத்து வரும் அலை, அதோடு நீர்மட்டமும் ஏறினால் கரையின் மேல்பகுதி அரிக்கும். இங்கே பல டன் கல்லுக்கு வேலையில்லை. சேறு உள்ள இடத்தில் அலையாத்தி வளருங்கள், காரங்காட்டில் போய்ப் பாருங்கள், அதன் வேர் செய்யும் வேலை தெரியும். மணல் கரையில் அலையாத்தி நட்டால் பிழைக்காது, அங்கே அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மணலைப் பிடிக்கும்.

கரையில் ஒதுங்கும் கடல் தாழையை (கடற்புல்) அள்ளிச் சுத்தம் செய்யலாமா?

பிளாஸ்டிக்கையும் அறுந்த வலையையும் பொறுக்கி எடுங்கள், தாழையை விட்டுவிடுங்கள். அந்தக் குவியல் அலையைத் தணிக்கும், மணலைப் பிடித்து வைக்கும். ஜேசிபி வைத்து அள்ளினால் மணலும் சேர்ந்து போகும்.

மணல் நிரப்பிய ஜியோடியூப் (நீளமான துணிக் குழாய்) மலிவு என்கிறார்கள்?

ஆமாம், ஒடிசாவின் பெந்தாவில் அதை உள்ளே வைத்துக் கரை கட்டியிருக்கிறார்கள். வெயில் நேராகப் பட்டால் துணி நைந்துவிடும், நங்கூரமோ கத்தியோ கிழித்தால் உள்ளே உள்ள மணல் வெளியேறிவிடும். படகு புழங்கும் கரையில் மேலே கல் மூடாமல் போடாதீர்கள்.

தீவுகளைச் சுற்றிச் செயற்கைப் பவளப்பாறை போடுவது வீண் செலவா?

என் கணக்கில் இந்த மாவட்டத்துக்குச் செலவழிக்க வேண்டிய முதல் பணம் அதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. பாறையும் தீவும் அலையை வெளியிலேயே உடைப்பதால்தான் கீழக்கரை, பெரியபட்டினம் கரைக்கு அது முழு வேகத்தோடு வருவதில்லை. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவில் 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் பாறைகளை இறக்கினார்கள், அலை தணிகிறது, மீனும் பவளமும் அதில் குடியேறுகின்றன. தண்ணீருக்குள் இருப்பதால் அரிப்பைப் பக்கத்து ஊருக்குத் தள்ளுவதும் குறைவு. வலை மாட்டாத இடமாகப் பார்த்து இறக்க வேண்டும், அதற்கு மீனவர்களை முதலிலேயே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

தனுஷ்கோடியைச் சுற்றிச் சுவர் கட்டிக் காப்பாற்ற முடியாதா?

முடியாது, முயலவும் கூடாது. அது இரண்டு கடலும் சேர்ந்து போட்ட மணல், இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ரயிலும் போனதை நம் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையைக் கல் வைத்துக் காக்கலாம், ஆனால் பராமரிப்பு ஒவ்வொரு ஆண்டும் வேண்டும். சாலையைத் தாண்டி அங்கே நிரந்தரமாக எதுவும் கட்ட வேண்டாம்.

யாரிடம் போக வேண்டும்?

கடற்கரையில் எந்தத் தடுப்பும் கட்ட 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி முன் அனுமதி வேண்டும். ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். மனுவோடு ஆதாரமும் கொடுங்கள். ஊரில் அசையாத ஒரு பொருளை, கோயில் சுவரோ மின்கம்பமோ, குறித்துக்கொண்டு அங்கிருந்து தண்ணீர் விளிம்பு வரை மாதம் ஒரு முறை, பௌர்ணமி அன்று உச்ச ஏற்றத்தில், நாடா வைத்து அளந்து தேதியோடு எழுதி, அதே இடத்தில் நின்று ஒரு படமும் எடுங்கள். கச்சானும் வாடையும் ஒரு சுற்று முடிந்தால், கரை நிரந்தரமாகக் குறைகிறதா, பருவத்துக்குப் போய்த் திரும்புகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். திரும்பி வருகிற கரைக்குச் சுவர் கேட்காதீர்கள்.